ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு: நீளமாகக் கலப்பதா, வெட்டுவதா, எக்கோவில் விடுவதா?

நான் டிஜேயாகப் போகும் ரிசெப்ஷன் முடிந்து வயர் சுருட்டும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். புதிதாக கன்ட்ரோலர் (பாட்டுகளைக் கலக்கும் டிஜே பலகை) வாங்கிய தம்பியோ தங்கச்சியோ ஸ்பீக்கர் பக்கத்தில் வந்து நின்று, “அண்ணே, அந்தப் பாட்டு எப்போ முடிஞ்சது, இது எப்போ ஆரம்பிச்சதுன்னே தெரியல, எப்படி மாத்துனீங்க?” என்று கேட்பார்கள். போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தம்பி இன்னும் தெளிவாகக் கேட்டார். வீடியோவில் ஒருவர் 32 பீட் (தாள அடி) கலக்கச் சொல்கிறார், இன்னொருவர் எக்கோ போட்டு விடச் சொல்கிறார், வேறொருவர் ஸ்டெம் (பாட்டிலிருந்து குரலையும் இசையையும் தனித்தனியாகப் பிரிக்கும் வசதி) வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்கிறார், நான் எதை முதலில் கற்றுக்கொள்வது என்று. மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகும் வரை பேசினோம். அன்று சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்த வீடியோக்களில் பலவும் ஹவுஸ், டெக்னோ என்ற கிளப் ஆட்ட இசை ஆட்கள் செய்தவை. அவர்களுடைய பாட்டுகள் கலப்பதற்கென்றே செய்யப்படுகின்றன, முன்னாலும் பின்னாலும் நெடுநேரம் வெறும் டிரம்ஸ் ஓடும். பாப் பாட்டு அப்படி இல்லை. மூன்று, மூன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும், பலவற்றில் பத்து விநாடிக்குள் குரல் வந்துவிடும். அதோடு நம் கோலாலம்பூர் கூட்டத்துக்குத் தமிழ் குத்து, மலாய் ஆட்டப் பாட்டான ஜோகெட், ஆங்கில பாப் மூன்றும் ஒரே மணி நேரத்துக்குள் வேண்டும். அதனால் அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் மண்டபத்தில் வேலைக்கு ஆகாது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் குரல். இரண்டு பாடகர்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிகளைப் பாடினால் எந்தக் காதும் பொறுக்காது. தாளம் கச்சிதமாகச் சேர்ந்திருந்தாலும் அது சத்தம்தான். பாப் பாட்டில் மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் நான் முன்னால் வைப்பேன்.

அடுத்தது தாளத்தின் நடை. ஆங்கில பாப்பில் பெரும்பாலும் நான்கு நான்காகப் போகும், ஒவ்வொரு அடியும் இரண்டாக, நான்காக உடையும். நம் குத்துப் பாட்டு பலவற்றில் ஒவ்வொரு அடியும் மூன்றாக உடையும், கையைத் தட்டிப் பாருங்கள், ‘டண்டணக்க’ என்று உருளும். இரண்டுமே திரையில் 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) என்று காட்டலாம். ஆனால் ஒன்றின் மேல் ஒன்று போட்டால் மூன்றும் இரண்டும் இடித்துக்கொள்ளும், ஆடுகிற கால் குழம்பிவிடும். இன்னொரு சிக்கல், இந்த உருளும் தாளத்தில் சாஃப்ட்வேர் அடிக்கடி ஏமாறும், 120 வேகத்தில் போவதை 180 என்றோ 90 என்றோ எழுதி வைத்துவிடும். எண்ணை நம்பாமல் காலால் தட்டி ஒரு தடவை சரிபாருங்கள்.

மூன்றாவது வேகம். 100 பிபிஎம் பாட்டை 104 ஆக்கினால் ஆடுபவர்களில் யாருக்கும் தெரியாது. கீ லாக் போடாமல் 6 விழுக்காடு ஏற்றினால் பாட்டு கிட்டத்தட்ட அரை ஸ்வரம் மேலே போய்விடும், பாடகருக்குச் சின்ன வயதானது போல் கேட்கும். கீ லாக் போட்டால் சுருதி நிற்கும், ஆனால் கூட்டக் கூட்டக் குரல் கரகரக்கும்.

நான்காவது சுருதி. கேமலட் சக்கரம் என்று ஒரு எளிய வழி இருக்கிறது. ஏ மைனர் 8ஏ, சி மேஜர் 8பி என்று ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் எண். அதே எண், பக்கத்து எண், எதிர் எழுத்து ஆகியவை பொதுவாக ஒத்துப்போகும், அதாவது 8ஏ பாட்டுக்கு 7ஏ, 9ஏ, 8பி. நீளமாகக் கலக்கும்போதுதான் இது பெரிய விஷயம். வெட்டிவிட்டுப் போனால் பாதி நேரம் இதைப் பார்க்கவே வேண்டாம்.

கடைசியாக இரண்டு, வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், தப்பினால் மண்டபத்துக்கு எவ்வளவு தெரியும் என்பவை. இந்த இரண்டையும் வீடியோவில் யாரும் சொல்வதில்லை. சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து வந்து தயாராகிறவருக்கு இவைதான் முக்கியம்.

| வழி | நன்றாக வரும் இடம் | உதைக்கும் இடம் | வீட்டு வேலை | தப்பினால் |
|---|---|---|---|---|
| நீளக் கலப்பு | ஒரே நடை, நெருங்கிய வேகம், குரல் இல்லாத இடைவெளி | குத்திலிருந்து ஆங்கில பாப், பழைய பாட்டு | நடுத்தரம் | நன்றாகத் தெரியும் |
| வெட்டு | வேகம், நடை, மொழி மாறும் இடம் | மெலடி, சாப்பாட்டு நேரம் | குறைவு | ஒரு நொடி தெரியும் |
| எக்கோ | பெரிய வேக மாற்றம், எம்சி பேச வரும் இடம் | எதிரொலிக்கும் மண்டபம் | மிகக் குறைவு | அதிகம் தெரியாது |
| முன்பே செய்த எடிட் | கட்டாயம் போட வேண்டிய பாட்டுகள் | திடீர் விருப்பப் பாட்டு | மிக அதிகம் | அரிது |
| ஸ்டெம் | குரல் மோதும் இடம் | நாதஸ்வரம், உறுமி உள்ள பாட்டு | நடுத்தரம் முதல் அதிகம் | பெரிய ஸ்பீக்கரில் தெரியும் |

## நீளக் கலப்பு

இரண்டு பாட்டின் வேகத்தையும் ஒன்றாக்கி, 16 அல்லது 32 பீட் சேர்ந்து ஓடவிட்டு, புதியதன் பேஸை (தாழ்ந்த ஒலியை) இறக்கி வைத்து, பத்தி, அதாவது பாட்டின் ஒரு பகுதி, மாறும் இடத்தில் பழையதன் பேஸை எடுத்துவிட்டுப் புதியதைக் கொடுப்பது. 96 பிபிஎம்மில் 32 பீட் என்றால் சரியாக 20 விநாடி, 128இல் 15 விநாடி. கேட்பதற்குக் குறைவு போலத்தான் இருக்கும். அந்த 20 விநாடியில் இரண்டு பாடகர்கள் வாயைத் திறந்தால் எவ்வளவு நீளம் என்று அப்போது தெரியும். கிள்ளானில் ஒரு பிறந்தநாள் விழாவில் எனக்கு அது நடந்தது. திரையில் எல்லாம் நேராக இருந்தது, பீட் ஒட்டியிருந்தது, ஆனால் வெளியே போகும் பாட்டில் கடைசிப் பல்லவி இன்னொரு தடவை வரும் என்பதை நான் மறந்துவிட்டேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் பாட்டை முழுதாகக் கேட்காமல் கலக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

இதில் நம் பாட்டுகளுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. தமிழ்த் திரைப்பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் இடையிசை வரும். ஆங்கில பாப்பில் அந்த இடம் பெரும்பாலும் இரண்டு, நான்கு பார்தான் (நான்கு அடி ஒரு பார்), நம் பாட்டில் எட்டு பார், சில சமயம் அதற்கு மேலும் குரலே இல்லாமல் போகும். எனவே நான் பாட்டின் முடிவுக்குக் காத்திருப்பதில்லை. பல்லவி, ஒரு சரணம், மறுபடி பல்லவி, அதற்குப் பிறகு வரும் இடையிசையில் அடுத்த பாட்டை நுழைத்துவிடுவேன். கூட்டம் பாட விரும்புவது பல்லவியைத்தான், அதை இரண்டு தடவை கொடுத்தாகிவிட்டது, இரண்டாம் சரணத்தில் பாதிப் பேர் வரியை மறந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. 80களில், 90களின் தொடக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்த பாட்டுகள் ஒரே வேகத்தில் நிற்காது, பல்லவியில் ஒரு வேகம், இடையிசையில் ஒன்றிரண்டு பிபிஎம் கூட. அடி விழும் இடத்தைக் காட்ட சாஃப்ட்வேர் போட்டுவைத்த பீட் கோடு நடுப்பாட்டில் விலகிவிடும், வேகத்தைத் தானாக ஒட்டும் சிங்க் பட்டனை நம்பினால் குதிரை ஓடுவது போல் கேட்கும். அத்தகைய பாட்டிலிருந்து வெளியே வரவேண்டுமென்றால், குரல் இல்லாத ஒரு பாரை லூப் போட்டு (அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு) நிறுத்திக்கொண்டு அதன் மேல் அடுத்ததைக் கொண்டுவருவது பாதுகாப்பு. இரண்டாவது செலவு கவனம். கலக்கும் அந்த அரை நிமிடம் ஹெட்போனைக் கழற்ற முடியாது, சரியாக அதே நேரத்தில்தான் மாப்பிள்ளையின் மாமா வந்து தோளைத் தட்டுவார்.

ஒரே காலத்துப் பாட்டுகள், ஒரே நடை, வேகம் நான்கைந்து விழுக்காட்டுக்குள், சுருதியும் பக்கத்தில், இத்தனையும் அமைந்தால் இதைவிட அழகான வழி வேறு இல்லை. சாப்பாட்டு நேரத்தில் மெலடிக்கு மெலடி போகும்போது நான் இதைத்தான் செய்வேன், தட்டிலிருந்து யாரும் தலையைத் தூக்கக் கூடாது.

## வெட்டு

பத்தியின் கடைசி அடி முடிந்ததும், அடுத்த ‘ஒன்று’ விழும் இடத்தில் பழையதை மூடிப் புதியதைத் திறப்பது. அவ்வளவுதான். ஏதோ குறுக்குவழி என்று பலர் இதை மதிப்பதில்லை, எனக்கு அது வருத்தம். குரல் மோதாது, நடை இடிக்காது, வேகம் 95இலிருந்து 128க்குத் தாவினாலும் பரவாயில்லை, சுருதிகூட ஓரளவுக்கு மன்னிக்கும். பாப் பாட்டுக்கு இயல்பாகப் பொருந்துவது இதுதான் என்பது என் முடிவு. ஏனென்றால் பாப் பாட்டு உள்ளுக்குள்ளேயே எட்டு எட்டு பாராக வெட்டி அடுக்கிய ஒன்றுதான், நீங்கள் அடுத்த துண்டை வேறு பாட்டிலிருந்து எடுக்கிறீர்கள்.

குத்துப் பாட்டுக்குள் நுழைய வெட்டைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. தவிலோ பறையோ உருட்டிக்கொண்டு தொடங்கும் இடத்தில் ஹாட் கியூ (பட்டனை அடித்தால் பாட்டு அங்கிருந்தே ஓடும் குறி) வைத்து, முந்தைய பாட்டின் கடைசிச் சொல் விழுந்ததும் அதை அடித்தால் மண்டபமே எழும்.

செலவு எங்கே என்றால் ஒலி அளவில். பழைய பாட்டுகள் குறைந்த ஒலியில் பதிவானவை, இப்போது வருபவை முட்டமுட்ட ஏற்றிப் பதிவானவை. கலக்கும்போது அந்த வித்தியாசம் மெல்லக் கரைந்துவிடும், வெட்டும்போது முகத்தில் அறைந்தது போல் வரும். ஹெட்போனில் கேட்கும்போதே டிரிம் என்ற ஒலி அளவுக் குமிழைத் திருகி இரண்டு மீட்டரும் ஒரே உயரத்தில் ஆடுகிறதா என்று பாருங்கள். குவாண்டைஸ் (நீங்கள் அடிப்பதைப் பக்கத்து பீட் கோட்டோடு ஒட்டும் வசதி) போட்டிருந்தால், பீட் கோடு சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள், கோடு தப்பு என்றால் உங்கள் விரல் சரியாக அடித்தாலும் பாட்டு தப்பான இடத்தில்தான் வரும். அப்புறம், தொடர்ந்து எட்டுப் பத்து வெட்டு வேண்டாம். ஆடுபவர்களுக்கு மூச்சு முட்டும், எந்தப் பாட்டிலும் மனம் ஒட்டாது.

## எக்கோவில் விடுவது

கடைசிச் சொல்லின் மேல் எக்கோவைப் போட்டு ஃபேடரை (ஒலியை ஏற்றி இறக்கும் பட்டனை) இறக்கினால், அந்தச் சொல் மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்துத் தேயும், அந்த வாலின் மேல் அடுத்த பாட்டைத் தொடங்கலாம். ஃபேடர் இறங்கின பிறகும் வால் ஒலிக்கிற மாதிரி எஃபெக்ட் அமைந்திருக்க வேண்டும், சிலவற்றில் ஃபேடரோடு எக்கோவும் செத்துப்போகும், முதலில் வீட்டில் சோதியுங்கள்.

இதற்கு வீட்டு வேலை மிகக் குறைவு, அவசரத்தில் கைகொடுக்கும். எம்சி திடீரென்று மைக்கை எடுத்து “இப்போது கேக் வெட்டும் நேரம்” என்றால் வேறு எந்த வழியும் இவ்வளவு மரியாதையாக இருக்காது. ஆனால் எக்கோ அரை பீட்டுக்கு ஒரு தடவை திரும்பும்படி எல்லோரும் வைத்துவிடுகிறார்கள். மூன்றாக உருளும் குத்தில் அரை பீட் எக்கோ நடைக்குக் குறுக்கே விழும், அங்கே ஒரு பீட் வைத்தால் போதும், சுத்தமாக இருக்கும். மண்டபமும் முக்கியம். உயரமான கூரை, டைல்ஸ் தரை, கண்ணாடிச் சுவர் உள்ள டேவானில் (பொது மண்டபத்தில்) மண்டபமே எக்கோ போடும், அதன் மேல் நீங்கள் வேறு போட்டால் அடுத்த பாட்டின் முதல் வரி அந்தக் குழம்பில் மூழ்கிவிடும். எக்கோ எத்தனை தடவை திரும்பும் என்பதை வைக்கும் ஃபீட்பேக்கைக் குறையுங்கள், இரண்டு மூன்று தடவை ஒலித்தால் போதும்.

இதன் உண்மையான விலை பழக்கம்தான். சுலபமாக இருப்பதால் கை அங்கேயே போகும், மூன்றாவது தடவை கேட்கும்போதே ஆடுபவர்களுக்கு ‘சரி, பாட்டு மாறப்போகுது’ என்று தெரிந்துவிடும், தரையை விட்டு இறங்க அது நல்ல சாக்கு. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு, மூன்றுக்கு மேல் நான் போடுவதில்லை.

## முன்பே எடிட் செய்து வைப்பது

காசு கொடுத்து வாங்கிய பாட்டுக் கோப்பை ஆடாசிட்டி போன்ற இலவச சாஃப்ட்வேரில் திறந்து, டிரம்ஸ் மட்டும் உள்ள ஒரு பாரை எட்டு தடவை ஒட்டி முன்னால் வைத்துக்கொள்வது, நடுவில் தேவையில்லாததை எடுத்துவிடுவது. ஆங்கில பாப்புக்கு டிஜே பூல் தளங்களில் இப்படிச் செய்த பதிப்புகள் சந்தாவுக்குக் கிடைக்கும். தமிழுக்கும் மலாய்க்கும் பெரும்பாலும் நாமே செய்ய வேண்டியதுதான்.

ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் என்று வையுங்கள், 40 பாட்டுக்கு 20 மணி நேரம். அதோடு எனக்குப் பெரிய தயக்கம் இன்னொன்று. தமிழ்ப் பாட்டில் கூட்டம் கத்துவது முதல் வரிக்கு முன்னால், அந்த முதல் புல்லாங்குழல் துண்டுக்கு, அந்த ஹம்மிங்குக்கு. அதற்கு முன்னால் எட்டு பார் டிரம்ஸ் ஒட்டினால் அடையாளம் தெரிகிற நொடி தள்ளிப்போகும், அதை வெட்டியே எடுத்துவிட்டால் பாட்டின் முகத்தையே எடுத்துவிட்டது போல. நான் எடிட் செய்பவை மணமக்கள் நுழைவுக்கும் அவர்கள் ஆடும் தொகுப்புக்கும் மட்டும். அங்கே தப்ப இடமே இல்லை, அங்கே இந்த உழைப்பு தகும்.

## ஸ்டெம்

ஓடிக்கொண்டிருக்கும் பாட்டிலிருந்தே குரலை, டிரம்ஸை, பேஸை, மீதி இசையைத் தனித்தனியாகப் பிரிப்பது. 2020 வாக்கில் டிஜே ஆப்களில் வரத் தொடங்கியது, செராட்டோ என்ற டிஜே சாஃப்ட்வேரில் 2022 கடைசியில் வந்தது, இப்போது பெரிய சாஃப்ட்வேர் எல்லாவற்றிலும் இருக்கிறது. முதல் தடவை குரலை மட்டும் அணைத்துப் பார்த்தபோது என் கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை. பாப்பின் மூலப் பிரச்சினையான குரல் மோதலை இது நேராகத் தீர்க்கிறது. வெளியே போகும் பாட்டில் குரலை அணைத்துவிட்டு எட்டு பார் ஓடவிட்டால், இடையிசையே இல்லாத பாட்டுக்கும் ஓர் இடையிசை கிடைத்துவிடுகிறது.

ஆனால் நம் பாட்டுகளில் இது தடுமாறும். நாதஸ்வரம் பாடுவது போலவே வளைந்து வாசிக்கும் வாத்தியம், என் லேப்டாப்பில் அதில் பாதியைக் குரல் என்று எடுத்துக்கொண்டு அணைத்துவிட்டது, மீதி பாதி மட்டும் மூச்சுத் திணறிக்கொண்டு வந்தது. உறுமியின் அந்த உறுமல் பேஸுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், டிரம்ஸை மட்டும் வைத்தால் உறுமி பாதியாகிவிடும், இந்த ஊரில் உறுமி பாதியானால் யாரும் விடமாட்டார்கள். வீட்டு ஸ்பீக்கரில் தெரியாத நீர்க்குமிழிச் சத்தம் மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்கும். லேப்டாப்புக்கும் சுமை, பழைய மெஷினில் முன்கூட்டியே பிரித்துச் சேமித்து வைக்காமல் போனால் நடுப்பாட்டில் திக்கும் ஆபத்து உண்டு, சேமித்தால் டிஸ்க்கில் இடம் போகும்.

புதிய பாட்டு, சுத்தமான பதிவு, டிரம்ஸ் மேல் குரல் என்ற எளிய அமைப்பு என்றால் எட்டு பார் வரை தைரியமாகப் போடலாம். பழைய பாட்டில் வேண்டாம்.

## எந்த நேரத்துக்கு எது

அழைப்பிதழில் 7 மணி என்று போட்டு 8.30க்குக் கூட்டம் நிறையும் நம் ரிசெப்ஷனில், சாப்பாடு முடியும்வரை நீளக் கலப்பு. விளக்கு மங்கி ஆட்டம் தொடங்கியதும் வெட்டு, ஒரே நடையில் மூன்று நான்கு பாட்டு சேர்ந்து வந்தால் மட்டும் அவற்றுக்குள் கலப்பு. மொழி மாறும் இடத்தில் வெட்டு, பேச்சு வரும் இடத்தில் எக்கோ.

ஜோகெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலாய் விருந்தினர்கள் இருந்தால் ஒரு ஜோகெட்டாவது கேட்பார்கள், பல தம்பிகள் அதைத் தீவு மாதிரி நடுவில் வைத்து, முன்னாலும் பின்னாலும் எக்கோ போட்டுத் தப்பிக்கிறார்கள். கவனித்துக் கேளுங்கள். ஜோகெட்டும் மூன்றாக உருளும் தாளம்தான், இடையிடையே இரண்டும் மூன்றும் மாறி மாறி வரும். நம் குத்தும் அதே குடும்பம். வேகம் நெருங்கி, ஜோகெட்டின் வயலின் ஓய்கிற இடமாகப் பார்த்து எட்டு பார் சேர்த்து ஓடவிட்டால் இரண்டும் இடிக்காமல் போகும். அப்படிப் போகும்போது மலாய்க்கார அக்காக்கள் தரையை விட்டு இறங்காமல் அப்படியே குத்துக்குள் ஆடிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன், இந்தத் தொழிலில் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. அங்கிருந்து ஆங்கில பாப்புக்குப் போகும்போது மட்டும் கலக்க முயலாதீர்கள், வெட்டுங்கள்.

செந்தூல் தம்பிக்கு நான் சொன்ன வரிசை இது. முதல் மாதம் வெட்டு மட்டும், ஒவ்வொரு பாட்டிலும் குரல் எங்கே நிற்கிறது, எட்டு பார் எங்கே முடிகிறது என்று காது பழகும்வரை, சிங்க் அணைத்து. அடுத்து எக்கோ, அதற்கு ஒரு சாயங்காலம் போதும். பிறகு ஒரே நடையில் உள்ள பாட்டுகளில் இடையிசைக் கலப்பு. ஸ்டெம் கடைசியில். அவர் உடனே ஸ்டெமைத் தொடத்தான் ஆசைப்பட்டார், புரிகிறது. ஆனால் பத்தி எங்கே முடிகிறது என்று தெரியாமல் குரலை அணைத்தால், பாடகர் பாதிச் சொல்லில் காணாமல் போவார். போன வாரம் அவர் ஒரு பதிவு அனுப்பியிருந்தார், பத்து நிமிடம், ஏழு பாட்டு, எல்லாம் வெட்டு. நான்காவது வெட்டு அரை பீட் முந்தி விழுந்தது. மற்ற ஆறு பாட்டிலும் பல்லவி முழுதாக முடிந்திருந்தது.